லிபரலைசேஷன்: எல்லா இடத்திலும் ‘தாராளமயமாக்கல்’ போடலாமா?

வரிக்குவரி (கேள்வி):

பொருளியல், அரசியல், சட்டம் மூன்றும் கலந்த ஒரு கலைச்சொல் தொகுப்பைத் தமிழாக்க வேண்டியிருக்கிறது. அதில் லிபரலைசேஷன் என்ற ஒரே சொல் ஆறு இடத்தில் தலைகாட்டுகிறது: வர்த்தகம், மூலதனக் கணக்கு, விலை, தொலைத்தொடர்புச் சந்தை, கருக்கலைப்புச் சட்டம், பிரேசிலின் ராணுவ ஆட்சிக்கால அரசியல். அகராதியைத் திறந்தால் ஆறுக்கும் ஒரே பதில்: தாராளமயமாக்கல்.

வர்த்தகத்துக்கு அது ஒட்டுகிறது. ‘விலைத் தாராளமயமாக்கல்’ என்று எழுதினால் ஏதோ தள்ளுபடி விற்பனை மாதிரி இருக்கிறது. ‘கருக்கலைப்புத் தாராளமயமாக்கல்’ என்பதை அச்சுக்கு அனுப்பவே கை வரவில்லை.

ஒரே சொல்லை எல்லா இடத்திலும் வைப்பதா, இடத்துக்கு ஏற்ப மாற்றுவதா? மாற்றினால் தொகுப்பின் ஒருமை கெடாதா? தனியார்மயம், கட்டுப்பாடு நீக்கம் இரண்டிலிருந்தும் இதை எந்த இடத்தில் பிரிப்பது? அப்புறம் மயம், மயமாதல், மயமாக்கல், மயமாக்கம் என்று நான்கு வால் இருக்கின்றன. எதை எங்கே வைப்பது?

ஒற்றெழுத்து:

மாற்றத்தான் வேண்டும் நண்பரே. வில்லங்கம் வேரிலேயே இருக்கிறது.

லத்தீனில் லீபெர் என்றால் அடிமையல்லாதவன், சுதந்திரமானவன். அதிலிருந்து வந்த லீபெராலிஸ் ‘சுதந்திர மனிதனுக்குத் தகுந்தது’ என்ற பொருளோடு, ‘கொடுக்கும் கையுள்ள’ என்ற பொருளையும் சேர்த்துக்கொண்டது. ஆங்கிலத்துக்கு லிபரல் போனபோது இரண்டும் கூடவே போயின. லிபரலைசேஷன் முளைத்தது முதல் கிளையில், அதாவது கட்டை அவிழ்ப்பதில். நாம் தமிழில் பிடித்துக்கொண்டது இரண்டாவது கிளையை. இந்தியின் உதாரீகரணும் கொடைக்குணத்திலிருந்து வந்ததுதான்; கன்னடமும் மலையாளமும் அதே உதாரத்தைப் பிடித்திருக்கின்றன. தெலுங்கு மட்டும் சரளீகரண என்று தனி வழி போனது, அங்கே எளிதாக்குவது என்ற வாசம். ஜப்பானியமும் சீனமும் நேரே ‘சுதந்திரமாக்கல்’ என்றே சொல்கின்றன.

தமிழ்க் காதுக்குத் தாராளம் என்றால் என்ன? ‘தாராள மனசு’, ‘தண்ணீர் தாராளமாகக் கிடைக்கிறது’. கஞ்சத்தனம் இல்லை, குறைவில்லை. இன்னொரு புழக்கமும் உண்டு: ‘தாராளமாக உள்ளே வரலாம்’, அதாவது தடையில்லை. கலைச்சொல் நிற்பது இந்தக் கடைசிப் பொருளின் மேல். வாசகர் மனசு போவதோ முதல் இரண்டுக்கு. அதனால்தான் ‘கடன் சந்தைத் தாராளமயம்’ என்றால் வங்கி அள்ளி இறைப்பதாகப் படிக்கிறார்கள். நடப்பது வேறு: வட்டி எவ்வளவு, யாருக்கு எத்தனை பங்கு கடன் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்ததை விட்டுவிடுகிறது. அதன் பிறகு வட்டி ஏறலாம். சிலருக்குக் கடன் கிடைக்காமலும் போகலாம்.

விலை விஷயத்தில் இந்தத் தடுமாற்றம் இன்னும் மோசம். ரஷ்யாவில் 1992 ஜனவரி 2 அன்று பெரும்பாலான பொருட்களின் விலையை அரசு நிர்ணயிப்பது நின்றது. வரலாற்றில் இதற்குப் பெயர் விலை லிபரலைசேஷன். அந்த ஒரே மாதத்தில் நுகர்வோர் விலைகள் மூன்று மடங்கைத் தாண்டின. இதை ‘விலைத் தாராளமயம்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரியில் விலை தாறுமாறாக ஏறியது என்று எழுதினால், வாசகர் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார். ‘விலைக் கட்டுப்பாடு நீக்கம்’ என்று எழுதுங்கள், எல்லாம் தானாக விளங்கும். இந்தியாவில் 2010 ஜூனில் பெட்ரோலுக்கும் 2014 அக்டோபரில் டீசலுக்கும் நடந்ததும் இதுதான்.

சட்டத்துக்கு வருவோம். 1971ஆம் ஆண்டு இந்தியக் கருக்கலைப்புச் சட்டப்படி 12 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும், 12 முதல் 20 வாரம் வரை இரண்டு பேர் வேண்டும். 2021 திருத்தத்துக்குப் பின் 20 வாரம் வரை ஒருவர் போதும்; 20 முதல் 24 வரை, விதிகளில் குறித்த சில பிரிவுப் பெண்களுக்கு மட்டும், இருவர். இங்கே தளர்ந்தது வார வரம்பும் கையெழுத்தின் எண்ணிக்கையும். ‘கருக்கலைப்புக்கான நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன’ என்பதுதான் துல்லியம். ‘கருக்கலைப்பு அனுமதிக்கப்பட்டது’ என்று எழுதினால் அதுவும் பிழை, ஏனென்றால் அனுமதி 1971லேயே இருக்கிறது.

இதே வரிசையில் இரண்டு சொற்கள் குறுக்கே வரும்: குற்றநீக்கம், சட்டபூர்வமாக்கல். போர்ச்சுகல் 2001இல் செய்தது முதலாவது. சொந்த உபயோகத்துக்கு, அதிகபட்சம் 10 நாள் தேவை அளவுக்குப் போதைப்பொருள் வைத்திருப்பது குற்ற வழக்கிலிருந்து விலகி நிர்வாக மீறலானது. விற்பது அங்கே இன்றும் குற்றம். மூலத்தில் ‘போதைப்பொருள் சட்ட லிபரலைசேஷன்’ என்று பொதுவாக இருந்தால் இந்த இரண்டில் எது என்று பார்க்காமல் தொடவே தொடாதீர்கள்.

என் வழக்கம் இது: சொல்லை எழுதும் முன்னால் எந்த விதி, அது யார் தலைமேல் இருந்தது, எவ்வளவு தளர்ந்தது என்று கேட்டுக்கொள்வது. மூலத்தில் பதில் இருந்தால் அந்தப் பதிலையே வாக்கியமாக்கிவிடலாம், கலைச்சொல் தேவைப்படாது. பதில் இல்லாமல் வெறும் கொள்கைப் பெயராக நின்றால் மட்டும் தாராளமயமாக்கல். ஒருமை பற்றிய உங்கள் கவலைக்கு: தலைச்சொல் ஒன்றாக இருக்கட்டும், அதன் கீழ் துறைவாரியாகத் தமிழ் வழக்கைக் கொடுங்கள். நல்ல தொகுப்பு அப்படித்தான் இருக்கும்.

தீர்வைப்பட்டியல்:

மேலே சொன்னதோடு முழு உடன்பாடு. தனியார்மயம், கட்டுப்பாடு நீக்கம் பற்றி மட்டும் சேர்க்கிறேன், போட்டித் தேர்வுக் குறிப்புகள் இந்த இடத்தில்தான் குழப்பி வைத்திருக்கின்றன. தாராளமயம், தனியார்மயம், உலகமயம் மூன்றையும் எல்.பி.ஜி. என்று ஒரே உருளையில் அடைத்து, ஒன்று நடந்தால் மற்றதும் நடந்துவிட்டதாகச் சொல்லிவிடுகிறார்கள்.

பிரித்துக் காட்ட இந்திய விமானத்துறையை விட நல்ல உதாரணம் கிடையாது. 1953ஆம் ஆண்டு வான் கழகங்கள் சட்டப்படி குறித்த தடங்களில் பயணிகள் விமானம் ஓட்டுவது அரசுக் கழகங்களின் ஏகபோகம். அந்தச் சட்டம் 1994இல் விலக்கப்பட்டது. அது தாராளமயமாக்கல்: அரசு நிறுவனம் அரசிடமே இருந்தது, மற்றவர்களும் உள்ளே வரக் கதவு திறந்தது. ஏர் இந்தியா டாடா குழுமத்தின் கைக்குப் போனது 2022 ஜனவரியில். அது தனியார்மயம்: சொத்து கைமாறியது. இரண்டுக்கும் நடுவே சுமார் 28 வருஷம். ஒன்று நுழைவைப் பற்றியது, மற்றது உடைமையைப் பற்றியது.

தலைகீழாகவும் நடக்கும். பிரிட்டிஷ் டெலிகாமின் பெரும்பான்மைப் பங்குகள் 1984இல் விற்கப்பட்டன. ஆனால் நிலைவழித் தொலைபேசியில் மெர்குரி என்ற ஒரே ஒரு போட்டியாளருக்குத்தான் 1991 வரை இடம். தனியார்மயம் முழு வீச்சில், தாராளமயம் அரைக்கால் வீச்சில்.

கட்டுப்பாடு நீக்கம் என்பது விதியே போய்விடுவது. அமெரிக்காவில் 1978 சட்டத்துக்குப் பிறகு உள்நாட்டு விமானக் கட்டணத்தையும் தடத்தையும் அரசு வாரியம் நிர்ணயிப்பது படிப்படியாக நின்றது. கடைசியில் அந்த வாரியமே மூடப்பட்டது. தொலைத்தொடர்பில் நிலைமை வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 1998 ஜனவரி 1 முதல் பெரும்பாலான உறுப்பு நாடுகளில் சந்தையைத் திறந்துவிட்டது. திறந்ததும் விதிகள் கூடின: பழைய நிறுவனம் தன் கம்பியைப் போட்டியாளருக்கு என்ன விலைக்குத் தர வேண்டும், இணைப்புக் கட்டணம் எவ்வளவு, எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாற வழி என்ன என்றெல்லாம். இந்தியாவிலும் 1994 கொள்கை தனியாரை உள்ளே விட்டது, 1997இல் ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. காரணம் எளிது. கம்பி முழுக்க ஒருவர் கையில் இருக்கும்போது, சட்டத்தில் மட்டும் கதவைத் திறந்தால் யாரும் உள்ளே வர முடியாது. ஆகவே ‘தாராளமயமாக்கல் அதாவது கட்டுப்பாடு நீக்கம்’ என்று எழுதாதீர்கள். சில துறையில் கட்டுப்பாடு கூடினால்தான் தாராளமயம் நிற்கும்.

இனி வர்த்தக ஆவணங்களில் இருக்கும் ஒரு கண்ணி. உங்கள் தொகுப்பில் சேவை வர்த்தகப் பொது ஒப்பந்தம் வந்தால் கட்டாயம் இதில் கால் வைப்பீர்கள். 1995இல் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் ஓர் அட்டவணை கொடுத்திருக்கும். ஒரு பத்தியின் தலைப்பு ‘சந்தை நுழைவுக்கான வரம்புகள்’. அதன் கீழ் வழங்கும் முறைவாரியாக 1, 2, 3, 4 என்று எண் போட்டு, எதிரே பெரும்பாலும் இரண்டில் ஓர் ஆங்கிலச் சொல் இருக்கும்: நன் (none) அல்லது அன்பவுண்ட் (unbound).

நன் என்பதை ‘இல்லை’ என்று தமிழாக்கினால் அனுமதி இல்லை என்று படிப்பார்கள். உண்மையில் அது ‘வரம்பு ஏதுமில்லை’, முழுக்கத் திறந்துவிட்டோம் என்று உறுதி. அன்பவுண்ட் என்பதைக் ‘கட்டுப்பாடற்றது’ என்று தமிழாக்கினால் முழுச் சுதந்திரம் போலத் தோன்றும். உண்மையில் ‘எந்த உறுதிமொழியும் இல்லை’, நாளைக்கே தடை போடலாம் என்று பொருள். கட்டுண்டிருப்பது வியாபாரி அல்ல, அரசு. கட்டில்லை என்றால் அரசுக்குத்தான் கட்டில்லை. இந்த இரண்டு சொல்லையும் நேருக்கு நேர் பெயர்த்தால் அட்டவணை முழுக்கத் தலைகீழாகிவிடும்.

சுங்க வரியிலும் அதே தர்க்கம். ஒரு பொருளுக்கு உலக வர்த்தக அமைப்பிடம் ஒரு நாடு ஒப்புக்கொண்ட உச்சவரம்பு 40 சதவீதம், நடைமுறையில் வசூலிப்பது 10 என்று வையுங்கள். நாளை அதை 35 ஆக்கினால் ஒப்பந்த மீறல் இல்லை. செய்தியில் ‘தாராளமயம் பின்வாங்கியது’ என்று வரும், உறுதிமொழிப் பட்டியலிலோ ஓர் எழுத்தும் மாறியிருக்காது. எதைச் சொல்கிறது மூலம், உறுதிமொழியையா நடைமுறையையா என்று பாருங்கள்.

இன்னொன்று: ஒதுக்கீட்டை வரியாக மாற்றுவது. இறக்குமதிக்கு ‘இத்தனை டன்தான்’ என்று வரம்பு இருந்த காலத்தில் உலக விலை 100, உள்நாட்டு விலை 180 என்றால், அந்த வரம்புக்குச் சமமான வரி 80 சதவீதம். உருகுவே சுற்று என்ற உலக வர்த்தகப் பேச்சுவார்த்தையில் விவசாயப் பொருட்களுக்கு இப்படி மாற்றச் சொன்னார்கள். கணக்கில் கொஞ்சம் தாராளம் காட்டி (இங்கே சொல் சரியான பொருளில்!) 120 சதவீதம் என்று பதிந்தால், சரக்கு 220க்கு வந்து நிற்கும், யாரும் வாங்க மாட்டார்கள். வளர்ந்த நாடுகள் 6 வருஷத்தில் சராசரி 36 சதவீதம் வெட்ட வேண்டும் என்று விதி. 120இல் 36 சதவீதம் போனாலும் 76.8 மிச்சம், சரக்கு 176.8. கிட்டத்தட்ட பழைய 180தான். ஆவணப்படி அது தாராளமயமாக்கல். துறைமுகத்தில் கூடுதலாக இறங்கும் மூட்டை சொற்பமாகவே இருக்கும். ஆகவே ‘தாராளமயமானதால் இறக்குமதி பெருகியது’ என்று மூலத்தில் இல்லாத ‘ஆனதால்’ ஒன்றைச் சேர்த்துவிடாதீர்கள்.

இடைநிலை:

வால் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில்.

தாராளமயம் என்பது நிலை, அல்லது கொள்கையின் பெயர். தாராளமயமாதல் தானாக நடப்பது, செய்தவர் தெரியாது. தாராளமயமாக்கல் யாரோ செய்வது. தாராளமயமாக்கம் அந்தச் செயலின் விளைவு அல்லது செயலே. ‘ஆக்கல்’ இருக்கும் இடத்தில் இதற்குத் தனி வேலை இல்லை, இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்றுக்குள் தேர்வு இலக்கணத்தோடு முடிவதில்லை. உலகமயமாதல் என்பவருக்கும் உலகமயமாக்கல் என்பவருக்கும் அரசியல் வேறு. முதலாமவர் அதை மழை மாதிரி பார்க்கிறார், இரண்டாமவர் யார் குழாயைத் திறந்தது என்று கேட்கிறார். தாராளமயத்தில் இந்தச் சண்டைக்கு இடம் குறைவு: விதியைத் தளர்த்துபவர் எப்போதும் ஒருவர் உண்டு, அரசோ மத்திய வங்கியோ நாடாளுமன்றமோ. எனவே ஆக்கல்தான் பொருத்தம்.

லிபரலிசம் தனிச் சொல், அது தாராளவாதம். நியோலிபரலிசத்துக்கு நவதாராளவாதம் என்றும் நவதாராளமயம் என்றும் இரண்டு வழக்கு ஓடுகிறது. கோட்பாட்டைச் சொன்னால் வாதம், அதை நடைமுறைப்படுத்தியதைச் சொன்னால் மயம் என்று பிரித்துவைத்தால் உங்கள் தொகுப்பில் மோதாது. தாராளவாதி ஒருவர் தாராளமயத்தை எதிர்க்கவும் செய்யலாம். அமெரிக்க அரசியலில் லிபரல் என்று அழைக்கப்படுபவர்கள் பல நேரம் சந்தைக்குக் கூடுதல் விதி கேட்பவர்கள். அங்கே ‘தாராளமய ஆதரவாளர்’ என்று பெயர்த்தால் ஆளே மாறிவிடுவார்.

நீண்ட செயப்பாட்டு வினையைத் தவிருங்கள். ‘தாராளமயமாக்கப்பட்டுவருகின்ற துறைகள்’ என்று ஒரு சொல்லைக் கட்டி இழுப்பதை விட ‘படிப்படியாகத் திறந்துவிடப்படும் துறைகள்’ போதும்.

நீரோட்டம்:

இலங்கை வாசகர்களும் உங்கள் தொகுப்பைப் பார்ப்பார்கள் என்றால் ஒரு குறிப்பு. இங்கே லிபரலிசத்துக்குத் தாராண்மைவாதம் என்றுதான் பாடநூல்களில் பாவிக்கிறோம். லிபரலைசேஷனுக்குத் தாராளமயமாக்கல் உண்டு, ஆனால் பேச்சிலும் பத்திரிகையிலும் 1977ஐச் சொல்ல வந்தால் ‘திறந்த பொருளாதாரம்’ என்பதே முதலில் வாய்க்கு வரும். அந்த ஆண்டு நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் இரட்டை நாணயமாற்று வீதம் ஒன்றாக்கப்பட்டது, பெரும்பாலான இறக்குமதி அனுமதிப்பத்திரங்கள் போய் அந்த இடத்தில் தீர்வை வந்தது. கதவு திறந்த காட்சி அந்தச் சொல்லிலேயே இருப்பதால், யாரும் அதை அள்ளிக் கொடுப்பது என்று விளங்கிக்கொள்வதில்லை. இந்தியாவில் ‘அந்நியச் செலாவணி’ என்பது இங்கே ‘வெளிநாட்டு நாணயமாற்று’, ‘சுங்க வரி’ இங்கே ‘சுங்கத் தீர்வை’. அடைப்புக்குறிக்குள் இரண்டையும் கொடுத்தால் நல்லது.

வரிக்குவரி:

நன்றி, அட்டவணைக் கண்ணியில் ஏற்கெனவே கால் வைத்துவிட்டேன். நன் வந்த இடமெல்லாம் ‘இல்லை’ என்று போட்டிருக்கிறது, மாற்ற வேண்டும்.

இரண்டு வரியைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று: ‘1991இல் இந்தியப் பொருளாதாரம் தாராளமயமாக்கப்பட்டது.’ இரண்டு: ‘நடப்புக் கணக்கைத் தாராளமயமாக்கிய பிறகே மூலதனக் கணக்கைத் தாராளமயமாக்க வேண்டும்.’ அப்புறம் பிரேசில் இன்னும் பாக்கி.

தீர்வைப்பட்டியல்:

முதல் வரி பொய்யில்லை, ஆனால் ஒரே நாளில் முடிந்த வேலை மாதிரி இருக்கிறது. ‘1991 முதல்’ என்று ஆக்கினால் பாதிச் சிக்கல் தீரும்.

1991 ஜூலை 24இல் வந்த தொழிற்கொள்கையின் நெஞ்சு உரிம ஒழிப்பு. 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி குறித்த தொழில்களில் ஆலை தொடங்க மட்டுமல்ல, உற்பத்தித் திறனைக் கூட்டவும் புதுப் பொருள் தயாரிக்கவும்கூட உரிமம் வேண்டும். அது 18 தொழில்கள் தவிர மற்றதற்கெல்லாம் போனது. பொதுத்துறைக்கு மட்டும் ஒதுக்கிய தொழில்கள் 17இலிருந்து 8 ஆயின. முன்னுரிமைத் தொழில்கள் 34இல் 51 சதவீதம் வரை வெளிநாட்டு முதலீட்டுக்குத் தானியங்கி ஒப்புதல். அன்றைய நிதிநிலை அறிக்கையில் உச்ச சுங்க வரி 150 சதவீதத்துக்கு இறங்கியது. அதுவே இறக்கிய பிறகு உள்ள அளவு என்பதைக் கவனியுங்கள்.

மற்றவை பின்னால் வந்தன. ரூபாயின் மாற்று விகிதம் சந்தைக்கு விடப்பட்டது 1993 மார்ச்சில். நுகர்பொருள் இறக்குமதிக்கான கடைசி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கியது 2001 ஏப்ரல் 1 அன்று. சேமிப்புக் கணக்கு வட்டியை வங்கிகளே நிர்ணயிக்க விட்டது 2011 அக்டோபரில். சிறுதொழிலுக்கென ஒதுக்கிய பட்டியலில் கடைசி 20 பொருட்கள் விடுபட்டது 2015இல். ‘1991இல் இறக்குமதி தாராளமயமானது’ என்று எழுதும் ஆள், நுகர்பொருளைப் பொறுத்தவரை பத்து வருஷம் முந்திக்கொள்கிறார்.

இரண்டாவது வரியில் வேறு வகைப் பள்ளம். தமிழில் நடப்புக் கணக்கு என்றால் வியாபாரிகள் வங்கியில் வைத்திருக்கும் கணக்கும் அதுதான். வாசகர் காசோலைப் புத்தகத்தை நினைப்பார். முதல் முறை வரும்போது ‘அயல்நாட்டு வரவுசெலவின் நடப்புக் கணக்கு’ என்று எழுதி, சரக்கு, சேவை, வட்டி, ஊதிய அனுப்பீடு ஆகியவற்றுக்கான பணம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மூலதனக் கணக்கு என்பது கடன், பங்கு, வைப்புத்தொகை, சொத்து வாங்குவதற்கான பணம்.

வரிசை ஏன் முக்கியம் என்பதும் தெரிந்திருந்தால் மொழிபெயர்ப்பு வழுக்காது. இந்தியா நடப்புக் கணக்கில் ரூபாய் மாற்றத்தை 1994 ஆகஸ்டில் முழுக்க ஏற்றது; மூலதனக் கணக்கில் இன்றும் வரம்பு உண்டு. தாய்லாந்து 1993இல் கடல்கடந்த வங்கி ஏற்பாடு ஒன்றைத் திறந்து, குறுகியகால டாலர் கடன் எளிதாக உள்ளே வர விட்டது. அந்நாட்டு நாணயமான பாட் டாலரோடு கட்டப்பட்டிருந்ததால் மாற்று விகித அபாயத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கடன் தவணை மாதங்களில், கடனில் கட்டிய கட்டடம் வருமானம் தருவது வருடங்களில். கடன் கொடுத்தவர்கள் புதுப்பிக்க மறுத்ததும் செலாவணிக் கையிருப்பு கரைந்து, 1997 ஜூலை 2 அன்று பாட்டின் கட்டை அவிழ்க்க வேண்டியதாயிற்று. நீண்டகால முதலீட்டுக்கு முன்னால் குறுகியகாலக் கடனுக்குக் கதவு திறப்பதன் ஆபத்து அதுதான். ஆகவே வெறும் ‘மூலதனக் கணக்குத் தாராளமயம்’ என்று இருந்தால், எந்த மூலதனம், உள்ளே வருவதா வெளியே போவதா என்று மூலத்தில் தேடுங்கள்.

வெளியே போவதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டம் 2004இல் தொடங்கியபோது ஆண்டுக்கு 25,000 டாலர் வரம்பு. இப்போது ஒரு நிதியாண்டுக்கு 2,50,000. பெயரிலேயே தாராளமயம், உள்ளே உச்சவரம்பு. இந்தச் சொல் எப்போதும் ஓர் அளவைத்தான் குறிக்கும், முழு விடுதலையை அல்ல.

நடுப்பக்கம்:

பிரேசில் பாக்கி இருக்கிறதே. அரசியலில் இந்தச் சொல்லுக்கு நேர் எதிரே நிற்பது ஜனநாயகமயமாக்கல். இரண்டையும் ஆய்வாளர்கள் கறாராகப் பிரிக்கிறார்கள்: உரிமைகள் கொஞ்சம் திரும்பக் கிடைப்பது முதலாவது, ஆள்வது யார் என்பதையே ஓட்டுக்கு விடுவது இரண்டாவது.

பிரேசிலில் 1974இல் ஜனாதிபதியான ஜெனரல் கெய்சல், மெதுவாக, படிப்படியாக, பத்திரமாக இறுக்கத்தைத் தளர்த்துவது என்று தொடங்கினார். 1968 டிசம்பரில் வந்த ஐந்தாம் நிறுவன ஆணை அரசியல் வழக்குகளில் ஆட்கொணர்வு மனுவை முடக்கிவைத்திருந்தது. அது 1978 முடிவோடு காலாவதியானது. 1979இல் பொதுமன்னிப்புச் சட்டம். இவ்வளவும் தளர்வு. ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தது 1989இல். நடுவில் இருக்கும் இந்தப் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ‘அரசியல் தாராளமயம்’ என்று போட்டால் பொருளாதாரத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். ‘அரசியல் தளர்வு’ அல்லது ‘கெடுபிடித் தளர்வு’ எழுதுங்கள். கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற குறிப்பும் தளர்வில் இருக்கிறது. செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகில் 1968 ஜூனில் தணிக்கை சட்டத்திலிருந்தே நீக்கப்பட்டது, ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் வந்ததோடு மறுபடி தொடங்கியது.

சீன ஆவணம் வந்தால் மட்டும் எச்சரிக்கை. அங்கே ‘முதலாளிய சுதந்திரமயமாக்கல்’ என்பது வசைச் சொல். 1987இல் அதற்கு எதிராக ஓர் இயக்கமே நடந்தது, அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஹு யாவ்பாங் கட்சிப் பொதுச்செயலாளர் பதவியை விட்டார். அதே காலத்தில் சந்தைக்குக் கதவைத் திறந்துகொண்டிருந்ததும் அதே கட்சிதான், ஆனால் அதற்குப் பெயர் ‘சீர்திருத்தமும் திறப்பும்’. வெளியே இருப்பவர்கள் லிபரலைசேஷன் என்று சொல்லும் அந்த ஒட்டுமொத்தக் கொள்கையை அவர்கள் பெரும்பாலும் அந்தப் பெயரால் சொல்வதில்லை. இரண்டையும் ‘தாராளமயமாக்கல்’ என்றே பெயர்த்தால், கட்சி தன் கொள்கையைத் தானே வசைபாடுவதாக வாசகர் படிப்பார்.

வரிக்குவரி:

இப்படி வைக்கிறேன். வர்த்தகம்: தாராளமயமாக்கல். மூலதனக் கணக்கு: மூலதன வரத்துப்போக்குக் கட்டுப்பாட்டுத் தளர்வு. விலை: விலைக் கட்டுப்பாடு நீக்கம். தொலைத்தொடர்பு: சந்தைத் திறப்பு. சட்டம்: நிபந்தனைத் தளர்வு. பிரேசில்: அரசியல் தளர்வு. ஆறும் லிபரலைசேஷன் என்ற தலைச்சொல்லின் கீழ்.

ஒரு சின்ன சந்தேகம். ‘தாராளமய கொள்கை’யா, ‘தாராளமயக் கொள்கை’யா?

ஒற்றெழுத்து:

தாராளமயக் கொள்கை, ஒற்று வரும். தாராளமயம் என்பதன் ம் போனதும் அந்த இடத்தில் க் ஏறும். ‘தாராளமயமாக்கல் கொள்கை’யில் ஒற்று வராது, ல்-ஐ ற் ஆக்கி ‘தாராளமயமாக்கற் கொள்கை’ என்று எழுதுபவர்களும் உண்டு, இலக்கணப்படி தவறில்லை, படிக்கத்தான் பல் சுளுக்கும். வேற்றுமை உருபு சேர்ந்தால் ‘தாராளமயத்துக்குப் பின்’, ‘தாராளமயமாக்கலுக்குப் பின்’, இரண்டிலும் ப் உண்டு. ‘தாராளமய மாக்கல்’ என்று இடைவெளி விட்டு வந்தால் அது தட்டச்சுப் பிழை, சேர்த்துவிடுங்கள்.

தொலைத்தொடர்புக்குச் ‘சந்தைத் திறப்பு’ நன்றாக இருக்கிறது. ஆனால் தொகுப்பில் வேறெங்காவது பங்குச்சந்தை காலையில் திறக்கும் நேரத்துக்கு இதே தொடர் வந்திருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள்.